ஒரு புள்ளியில் தொடங்கிய நிலம்



'இயற்கைக் காட்சி வரை' என்றதும் நம் மாணவர்கள் என்ன வரைகிறார்கள்? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை. தினமும் அவர்கள் கடந்து வரும் அம்பத்தூர் ஏரியும் தொழிற்பேட்டையும் அந்தத் தாளில் எங்கே?

ஓவியர் எஸ்.எச். ரஸா 1922இல் மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர். வன அலுவலரின் மகன். பள்ளியில் மனம் அலைபாய்ந்த அந்தச் சிறுவனுக்காக ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்க்கச் சொன்னார். ரஸா அதை முதுமையிலும் மறக்கவில்லை.

1950இல் பிரான்சு சென்றவர், முதலில் வீடுகளும் தேவாலயங்களும் தெரியும் நிலக்காட்சிகளை வரைந்தார். பிறகு உருவங்கள் மெல்லக் கரைந்தன. நிலத்தின் நிறமும் வெப்பமும் நின்றன. 1983இல் வரைந்த 'சௌராஷ்டிரா'வில் மரமோ வீடோ தேட வேண்டாம். கனலும் சிவப்பே அந்த மண். பள்ளிச் சுவரின் புள்ளி, 'பிந்து' என்ற பெயரில் அவர் ஓவியங்களின் மையமானது.

நெடுநேரம் பார்த்தபின் மனத்தில் மிஞ்சுவதே அரூப ஓவியம். மாணவர்களை ஒருநாள் பள்ளி மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கட்டும். பிறகு, கண்ட மூன்று நிறங்களை மட்டும் தீட்டட்டும். "இது என்ன?" என்று கேட்காமல், "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள். ஏரி சாம்பல் நிறத்தில் வந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அந்தக் குழந்தை உண்மையாகவே ஏரியைப் பார்த்திருக்கிறது.