தலைவலியின் வகைகளும் அவற்றின் நிவாரணமும்

(கிராம மகாஜனங்களின் கூட்டமொன்றில் செய்யப்பட்ட பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தலைவலி. காலராவைப்பற்றியோ விஷக் காய்ச்சலைப்பற்றியோ பேசினால் ஜனங்கள் அச்சத்துடன் செவிகொடுப்பார்கள். தலைவலியைப்பற்றிப் பேசினாலோ, "இதில் சொல்லுவதற்கு என்ன இருக்கிறது? கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கினால் தீர்ந்துவிடுகிறது" என்று எண்ணுவார்கள். அவ்வெண்ணத்திலிருந்தே இரண்டு பெருங்கேடுகள் விளைகின்றன. ஓயாமல் விழுங்கும் மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடுவது ஒன்று. உயிருக்கு அபாயமான வியாதி தலைவலியின் ரூபத்தில் வரும்போது, அதையும் மாத்திரையால் அமுக்கிவிட்டு, சிகிச்சைக்குரிய காலத்தைக் கைவிடுவது மற்றொன்று. இவ்விரண்டினின்றும் தப்புவதற்கு, வந்திருக்கும் தலைவலி இன்னதென்று பிரித்தறியத் தெரிந்துகொள்ளவேண்டும். அதைச் சொல்லுவதே என் நோக்கம்.

இது சிறுபான்மையோரின் துன்பமன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் தலைவலி நோய்களால் வருந்தியவர்கள் சுமார் 310 கோடிப் பேர். அதாவது உலக ஜனத்தொகையில் நூற்றுக்கு 40 பேர்.

வலி எங்கே உண்டாகிறது?

தலைவலி என்றால் மூளை வலிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். மூளைக்கு வலியை உணரும் சக்தி கிடையாது. மூளையை மூடியிருக்கும் சவ்வுகள், இரத்தக் குழாய்கள், கழுத்து நெற்றி முதலிய இடங்களின் தசைகள், கண், பல், மூக்கையடுத்த எலும்பறைகள் ஆகியவற்றிலுள்ள நரம்புகளே வலியை உணர்த்துகின்றன. ஆகையால் தலைவலியின் காரணம் தலைக்குள்ளேதான் இருக்கவேண்டுமென்பதில்லை. பட்டினி கிடந்த வயிறும், தூங்காத கண்ணும், வெயிலில் வற்றிய தேகமும் தலைவலியை உண்டாக்கவல்லவை.

சர்வதேசத் தலைவலிச் சங்கத்தார் 1988-ஆம் ஆண்டில் தலைவலிகளை முறைப்படுத்தி முதல் அட்டவணையை வெளியிட்டார்கள். 2018-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் 200-க்கு மேற்பட்ட வகைகள் குறிக்கப்பட்டுள்ளன. அத்தனையையும் நாம் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. இரண்டு பெரும்பிரிவுகளை அறிந்தால் போதும். தானே ஒரு நோயாக வருவது ஒன்று. வேறொரு நோயின் தூதனாக வருவது மற்றொன்று.

தானே நோயாக வருபவை

இவற்றுள் மிகச் சாதாரணமானது இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றி ஒரு துணியை வரிந்து கட்டினாற்போல இரண்டு பக்கமும் இறுக்கும். பின்கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். அரைமணி நேரமும் இருக்கலாம். ஏழு நாளும் நீடிக்கலாம். வாந்தி இராது. நடந்தாலும் வேலை செய்தாலும் அதிகப்படாது. கவலை, தூக்கக்குறைவு, குனிந்தபடியே நெடுநேரம் களையெடுத்தல், தறியிலோ தையல் யந்திரத்திலோ அசையாமல் உட்கார்ந்திருத்தல் முதலியவை இதைத் தூண்டும். கழுத்தையும் தோளையும் பிடித்துவிடுதல், வெந்நீர் ஒத்தடம், சற்று ஓய்வு, நல்ல தூக்கம் இவையே முதல் சிகிச்சை.

இரண்டாவது, ஒற்றைத் தலைவலி. பெரும்பாலும் ஒரு பக்கமாக, நாடி அடிப்பதுபோலத் தெறிக்கும். வயிறு குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது, மாடிப்படி ஏறினால் அதிகப்படும். சிகிச்சை செய்யாவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். வலி வருமுன் சிலருக்குக் கண்ணெதிரே மின்னல்கோடுகள் வளைந்தோடும். இது பரம்பரையாகச் சில குடும்பங்களில் வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். மாதவிடாயை ஒட்டியும் வரும்.

கணவன்மார்களும் மாமியார்களும் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒற்றைத் தலைவலியால் பீடிக்கப்பட்ட பெண் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுப்பதைப் பார்த்து, வேலைக்குப் பயந்து பாசாங்கு செய்கிறாள் என்று ஏசுவோர் உண்டு. அது பெரும்பிழை. இருட்டறையில் சப்தமின்றிப் படுத்துத் தூங்குவதே அந்நோய்க்கு உற்ற சிகிச்சைகளுள் ஒன்று. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்னும் பழமொழியை இவ்விஷயத்தில் மறத்தலாகாது.

வேளை தவறிச் சாப்பிடுதல் இதற்கு முக்கியமான தூண்டுகோல். விடியற்காலையில் எழுந்து, எல்லோருக்கும் சமைத்துப் போட்டு, தான் மட்டும் பகல் 12 மணி வரை வெறும் காப்பியோடு இருக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! காலையில் ஒரு கிண்ணம் பழைய சோறோ கூழோ சாப்பிட்டாலே வலி வரும் முறைகள் குறையலாம். உக்கிரமான வெயில், கண் விழித்தல், நெடி மிகுந்த வாசனை முதலியவையும் தூண்டும். எந்த நாளில் வலி வந்தது, அதற்குமுன் என்ன நடந்தது, எத்தனை மாத்திரை சாப்பிட்டோம் என்பதைக் காலண்டரில் குறித்து வந்தால், அவரவர்க்குரிய காரணம் மூன்று மாதத்தில் விளங்கும். டாக்டருக்கும் அக்குறிப்பு பெரிதும் உதவும். மாதத்தில் பலமுறை வந்து வேலையைக் கெடுப்பதாயிருந்தால், வராமல் தடுக்கும் மருந்துகளும் உண்டு. அவற்றை டாக்டரின் யோசனைப்படியே உட்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, கொத்துத் தலைவலி. இது அபூர்வம், ஆனால் கொடியது. ஒரு கண்ணைச் சுற்றியே குத்தும், அந்தக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும். கால் மணி முதல் மூன்று மணி வரை நீடிக்கும். தினந்தோறும் ஒரே வேளையில், பெரும்பாலும் இரவில், சில வாரங்கள் தொடர்ந்து வந்து, பிறகு மாதக்கணக்கில் மறைந்திருக்கும். நோயாளி படுக்கமாட்டாமல் நடமாடித் தவிப்பார். இதற்கு ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்தே வலியைத் தணிக்கிறார்கள்.

தேகமும் வீடும் உண்டாக்குபவை

வெயிலில் வேலை செய்பவர்களுக்குத் தேகத்தில் நீர் வற்றித் தலை வலிக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீரோ, உப்புச் சேர்த்த மோரோ குடிக்கவேண்டும். தலைவலியோடு தேகம் அனலாய்க் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெயிலின் கொடிய தாக்குதலாகும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

பயிருக்குப் பூச்சிமருந்து தெளித்தபின் தலைவலியும், வாந்தியும், மிகுந்த வியர்வையும், கண் மங்கலும் உண்டானால் அது விஷத்தின் வேலை. உடுத்திய துணியைக் களைந்து, சோப்பிட்டுக் குளிப்பாட்டி, மருந்து டப்பாவையும் கூடவே எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும்.

புகை சூழ்ந்த சமையலறையும் தலைவலிக்கு இடமாகும். விறகும் கரியும் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ப்பிரதேசங்களில் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவையும் ஜன்னலையும் அடைத்துப் படுப்பது மரணத்துக்கு வழி. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் தலைவலியும் மயக்கமும் வந்தால், முதலில் கதவைத் திறந்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவரவேண்டும்.

40 வயதுக்குமேல், ஊசியில் நூல் கோக்கும்போதோ பத்திரிகை படிக்கும்போதோ நெற்றி வலித்தால் கண்ணாடி தேவைப்படலாம். கண் சிகிச்சை முகாம்கள் கிராமங்களுக்கே வருகின்றன, அங்கே காட்டிக்கொள்ளலாம். காப்பி தேநீர் பழக்கமுள்ளவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் ஒரு நாளைக்குள் தலைவலி வரும். குறைப்பதானால் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும்.

இரத்த அழுத்தத்தைப்பற்றி ஒரு வார்த்தை. அது ஏறினால் தலை வலிக்கும், வலிக்காவிட்டால் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். சாதாரணமாக அது யாதொரு வலியுமின்றி மௌனமாகவே தீமை செய்யும். ஆகையால் தலைவலி இல்லையென்று மருந்தை நிறுத்திவிடலாகாது. 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்பின், இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து பார்ப்பது கிராமங்களுக்குப் பழகிய காரியமாகிவிட்டது. அந்த அளவையே நம்பவேண்டும்.

மருந்தே நோயாவது

எப்போதாவது வரும் தலைவலிக்கு, வயதுவந்தவர்கள் 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒன்றோ இரண்டோ சாப்பிடலாம். மறுபடியும் சாப்பிடுவதானால் 4 மணி நேரமாவது கழியவேண்டும். ஒரு நாளில் 8 மாத்திரைக்கு மேல் கூடவே கூடாது. ஈரல் நோயுள்ளவர்களும் மது அருந்துவோரும் டாக்டரைக் கேளாமல் தொடலாகாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. டெங்கு என்று சந்தேகமிருந்தால் ஆஸ்பிரினும், அதையொத்த வலிமாத்திரைகளும் ஒருவருக்கும் ஆகா; இரத்தப்போக்கு உண்டாகும்.

பெட்டிக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்கினால் என்ன ஆகும்? மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலிமாத்திரை சாப்பிட்டு, மூன்று மாதத்துக்குமேல் அப்படியே நடந்துவந்தால், மருந்தே புதிய தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். பல மருந்துகள் கலந்த மாத்திரையானால் 10 நாளே போதும். காலையில் எழும்போதே வலி. மாத்திரை போட்டால் சற்றுத் தணிவு. மறுநாள் மறுபடியும் வலி. தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்பது இதுதான். இதற்குச் சிகிச்சை அந்த மாத்திரையை நிறுத்துவதே. நிறுத்தியபின் இரண்டு முதல் பத்து நாள் வரை வலி முன்னிலும் அதிகமாயிருக்கும்; அதைக் கண்டு பயந்து பழைய வழிக்குத் திரும்பாமல், டாக்டரின் துணையோடு பொறுத்தால் பெரும்பாலோருக்குக் குணம் ஏற்படும். வாரத்தில் இரண்டு நாளுக்குமேல் வலிமாத்திரை வேண்டியிருந்தால், அது கடைக்குப் போகவேண்டிய தலைவலியன்று. டாக்டரிடம் போகவேண்டிய தலைவலி.

நம் வீட்டு முறைகளில் சுக்குப் பற்று, நொச்சியிலை ஆவி முதலியவற்றால் இதம் பெறுவோர் பலர். சாதாரணத் தலைவலிக்கு அவற்றை அளவோடு செய்துகொள்ளுவதில் தடையில்லை. ஆனால் கொதிக்கும் பாத்திரத்தண்டை குழந்தைகளை உட்காரவைத்து ஆவி பிடிப்பித்தல் அபாயம். கைக்குழந்தைகளின் மூக்கருகே கற்பூரம் சேர்ந்த தைலத்தைத் தடவுதலும் தகாது. தலையில் சூடு போடுதலை அறவே ஒழிக்கவேண்டும்.

ஓடிப்போகவேண்டிய தலைவலி

இனிச் சொல்லுவதை வீட்டுச் சுவரில் எழுதிவைத்தாலும் தகும். கீழ்க்கண்ட தலைவலிகளுக்கு மாத்திரை தேடலாகாது, வண்டி தேடவேண்டும்.

இடி விழுந்தாற்போல ஒரே நிமிஷத்துக்குள் உச்சநிலைக்கு வரும், வாழ்நாளில் கண்டிராத தலைவலி. மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்ததன் அடையாளமாக அது இருக்கலாம்.

காய்ச்சலோடு கழுத்து விறைத்து, மோவாயை மார்பில் படும்படி குனிய முடியாத தலைவலி. அது மூளைச் சவ்வின் அழற்சியாகலாம்.

முகம் கோணுதல், கைகால் விழுதல், பேச்சுக் குழறல், வலிப்பு, நினைவு தடுமாறல் ஆகியவற்றோடு வரும் தலைவலி.

தலையில் அடிபட்டபின் வருவது. முதியவர் சைக்கிளிலிருந்து விழுந்து, சில வாரங்கள் சுகமாயிருந்து, பிறகு தலைவலியும் தூக்கமயக்கமும் கொண்டால், பழைய அடியின் இரத்தம் உள்ளே மெல்லத் தேங்கியிருக்கலாம்.

கண் சிவந்து வலித்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வானவில்போல வளையம் தோன்றும் தலைவலி. காலம் தாழ்த்தினால் கண் பறிபோகும்.

50 வயதுக்குமேல் புதிதாகத் தோன்றும் தலைவலியையும், நாளுக்குநாள் ஏறிவரும் தலைவலியையும், விடியற்காலை வாந்தியோடு வருவதையும் தாமதமின்றி டாக்டரிடம் காட்டவேண்டும்.

கர்ப்பிணிகளைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப்பின் விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் இவற்றில் எது தோன்றினாலும் அன்றே இரத்த அழுத்தம் அளக்கப்படவேண்டும். அது 140-க்கு 90 என்னும் அளவை எட்டினால் தாயும் சேயும் அபாயத்தில் இருக்கலாம். வலிப்பு வருமுன் ஆஸ்பத்திரி சேர்க்கவேண்டும். பிரசவத்துக்குப்பின் ஆறு வாரம் வரை இவ்வெச்சரிக்கை தேவை.

பிரசவித்த பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது மிகவும் கெடுதலானது. பிரசவத்தையடுத்த வாரங்களில் மூளையின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்துவிடும் நோய் சிலருக்கு வருகிறது. தேகத்தில் நீர் வற்றுவது அதற்குத் துணைசெய்யும். அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் தலைவலியே. பிள்ளை பெற்றவள் தலை வலிக்கிறது என்று சொன்னால், "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பாட்டிமார்கள் தள்ளிவிடலாகாது. தாகம் தீரத் தண்ணீர் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

தாய்மார்களே, மகாஜனங்களே! தலை வலிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எப்படி வந்தது, மெல்லவா, இடிபோலவா? இதனுடன் வேறு என்ன வந்திருக்கிறது? இம்மாதத்தில் இதற்காக எத்தனை நாள் மாத்திரை விழுங்கினோம்? முதல் இரண்டில் அபாயக்குறி தோன்றினால் 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லி வண்டியை வரவழையுங்கள், அதற்குக் கட்டணமில்லை. மூன்றாவதில் கணக்கு மிஞ்சினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். மற்றவற்றுக்கெல்லாம் வேளைக்கு ஆகாரமும், வேண்டிய ஜலமும், போதிய நித்திரையும், வீட்டாரின் சிறிது பரிவுமே முதல் மருந்து. இன்று கேட்டதை, இக்கூட்டத்துக்கு வரமுடியாமல் அடுப்பங்கரையில் இருக்கும் பெண்களுக்கும் சொல்லும்படி உங்களை வேண்டிக்கொள்ளுகிறேன்.