குடியை விட்டவனைத் தேடி

வத்தளையில் குடியை விட நினைக்கும் ஒருவன் முதலில் நாடும் இடம் பெரும்பாலும் கோவிலாகவே இருக்கும். செவ்வாய்க்கிழமையன்று களனியாற்றைக் கடந்து கொச்சிக்கடை அந்தோனியாரிடம் சென்று, மெழுகுதிரி ஏற்றி, இனித் தொடேன் என்று நேர்ந்துகொள்வான். வேறு சிலர் பிள்ளையின் தலையிற் கைவைத்துச் சத்தியம் செய்வர். அந்த நேர்த்தியிற் பொய் இல்லை. ஆயினும் சம்பள நாள் மாலையில், தவறணை வாசலிற் பழைய கூட்டாளி தோளிற் கைபோடும்போது, சத்தியம் செய்தவன் தன்னந்தனியனாக நிற்கிறான். அங்கே தோற்றுப்போவது அவன் பக்தியன்று, அவனுடைய தனிமையே.

இத்தனிமைக்கு மருந்து கண்ட கதை சுவையானது. 1935ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூயோர்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன் என்பவர் ஒரு வியாபார அலுவலாக அமெரிக்காவின் அக்ரன் நகருக்கு வந்தார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் கெட்டது. தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்தில் ஒருபுறம் மதுச்சாலை. மறுபுறம் தொலைபேசியும் நகரத் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசிப் பக்கம் திரும்பினார். குருமாரை அழைத்து அவர் கேட்டது உபதேசமன்று; தம்மைப்போல் குடியால் நலிந்த இன்னொருவனைக் காட்டுங்கள் என்பதே. அவ்வாறு அறிமுகமானவர் பொப் ஸ்மித் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர். கால்மணி நேரம் மட்டுமே இருப்பதாகச் சொல்லி வந்த வைத்தியர், பல மணி நேரம் பேசியிருந்தார். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் அவர் இறுதியாகக் குடித்த நாள் எனக் கொள்ளப்படுகிறது; அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் என்னும் சங்கத்தின் பிறந்தநாளும் அதுவே.

தமிழருக்கு இது புதிய வழியன்று. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிரே வறுமையோடு வரும் பாணனுக்கு வழி சொல்லுவதை ஆற்றுப்படை என்றனர் முன்னோர். இலங்கையில் இன்று உளநல ஆலோசனைக்கு ஆற்றுப்படுத்தல் என்ற பெயர் வழங்குவதும் பொருத்தமே. போய் வந்தவன் சொல்லும் வழியைத்தான் போகாதவன் நம்புகிறான். 2020ஆம் ஆண்டில் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு, 27 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குபற்றிய பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரையும் நோக்கியது. குடியை அறவே விட்டிருப்பதில், இச்சங்கத்தின் வழிக்கு முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டோர் வேறு உளச்சிகிச்சை பெற்றோரிலும் மேலான பயன் கண்டனர் என்பது அதன் முடிபு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் நாள்தோறும் சாராயமோ கசிப்போ அருந்தி வந்தவன் திடீரென நிறுத்தினால், ஓரிரு நாளில் கைநடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். வைராக்கியத்தை வீட்டில் வைத்துச் சோதிக்கும் விடயமன்று இது. வத்தளையார்க்கு றாகமைப் போதனா வைத்தியசாலை அண்மையிலேயே உள்ளது. முதலில் வைத்தியர், பின்னரே கூட்டம்.

கூட்டத்தை எங்ஙனம் கண்டறிவது? சிகிச்சை அளிக்கும் வைத்தியரையே கேட்கலாம். பங்குக் குருவானவரைக் கேட்கலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ இயக்கத்தின் மெல் மெதுர என்னும் நிலையம் கொழும்பில் இதற்கென்றே பணியாற்றுகிறது. கேட்கும்போது நாள், நேரம், மொழி ஆகிய மூன்றையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளல் நன்று. சிங்களமோ ஆங்கிலமோ விளங்கினும், தன் வீழ்ச்சியைச் சொல்ல ஒருவனுக்குத் தாய்மொழி வேண்டும்.

அடுத்த தடை வெட்கம். ஹெந்தளையிலும் மாபோலையிலும் யார் எந்த வாசலில் ஏறுகிறார் என்பது அரைமணி நேரத்தில் ஊரறிந்த செய்தியாகிவிடும். தவறணைக்குள் நுழைய நாணாதவன் அதை விட்டெழும் இடத்துக்குள் நுழைய நாணுவது விந்தைதான். ஆயினும் அந்நாணம் மெய்யானது. அத்தகையவன் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கூட்டம் தேடிச் செல்வதிற் குறையில்லை. அங்கே முழுப்பெயரைக் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பமொன்றே தகுதி. முதல் நாளில் வாய் திறவாமற் பின்வரிசையில் இருந்துவிட்டு வரலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடார். ஆயுள் முழுவதும் குடியேன் என்ற ஆணையை எவரும் வாங்குவதில்லை. இன்றைய 24 மணி நேரத்தைக் கடப்பதே பேச்சு.

அவன் போக மறுப்பின், மனைவி தனக்கென ஓர் இடத்தைத் தேடலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனோன் என்னும் அமைப்பு 1951இல் உருவாயிற்று. போத்தலை ஒளிப்பதும், வேலைத்தலத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லியனுப்புவதும் அவளுடைய கடமையல்ல என்பதை, அதே பொய்யைச் சொல்லிக் களைத்த இன்னொருத்தி சொல்லும்போது அவள் கேட்பாள்.

தமிழிற் பேசும் கூட்டம் கையெட்டும் தூரத்தில் அமையாவிடில்? குடியை விடும் நோக்குடன் இரண்டு பேர் கூடினாலே அது கூட்டம் என்பது சங்கத்தின் வழக்கு. அக்ரனிலும் முதல் நாள் இருந்தவர் இருவரே. பூசை முடிந்தபின் பங்கு மண்டபத்தில் ஒரு மூலை, இரண்டு கதிரை, ஆளுக்கொரு தேநீர். இரண்டாமவனைத் தேடுவதற்கு அந்தக் குருவானவரையே கேட்கலாம். ஊரில் யார் குடியை விட்டிருக்கிறார் என்பதை அவர் அறிவார்.