கல்லும் கண்மாயும்: மதுரையை அடுத்த மேலூர் நாடு

மாட்டுத்தாவணியில் மேலூர்ப் பேருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் யானைமலை கண்ணில் படும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, வேளாண்மைக் கல்லூரி, ஒத்தக்கடைச் சந்தடி எல்லாம் அதன் காலடியில்தான். துதிக்கையை நீட்டிப் படுத்த யானையின் உருவில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை. மதுரை நகரம் இந்த மலைவரை வந்துவிட்டது. அதைத் தாண்டினால் நெல்வயலும் தென்னந்தோப்பும் கரும்பும் கண்மாய்க் கரைகளும். நடுநடுவே சமவெளியிலிருந்து திடுமென எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகள்.

திருச்சி சாலையில் மதுரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் மேலூர். அந்த ஊரை நடுவாக வைத்து, மேற்கே அழகர்மலை, தெற்கே திருவாதவூர், வடக்கே கருங்காலக்குடி என்று வளைத்துக் கோடு போட்டால் அதற்குள் அடங்கும் நிலமே இச்சொற்பொழிவின் பொருள். இதை முழுக் கிராமம் என்றும் சொல்ல முடியாது, நகரம் என்றும் சொல்ல முடியாது. காலையில் மதுரைக்கு வேலைக்குப் போகிறவர் மாலையில் வயலுக்கு மடை திருப்பப் போகிற ஊர்கள் இவை. இந்த நாட்டில் மலைக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் கணக்கு கிடையாது. மலையில் கை வைத்தால் அது கண்மாயில் போய் முடியும். இங்குள்ளவர்களுக்கு இது தெரியும். தெரிய வேண்டிய மற்றவர்களுக்கு அதை எடுத்துச் சொல்வதே இந்த உரையின் நோக்கம்.

மொட்டைப் பாறை மழையைக் குடிப்பதில்லை. விழுந்த நீரில் கொஞ்சம் வெடிப்புகளில் தங்கிச் சுனையாகிறது. மிச்சமெல்லாம் சரிவில் வழிந்து அடிவாரத்துக்கு ஓடுகிறது. அந்த ஓட்டத்தை மண்கரை போட்டு மறித்தவர்கள் கண்மாய் கண்டார்கள். ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால் மறுகால் அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. மேலூரை ஒட்டிய அரிட்டாபட்டியில் மட்டும் ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் என்று 2022ஆம் ஆண்டு அரசுக் குறிப்பு கணக்குச் சொல்கிறது. அங்குள்ள ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது.

பழைய கண்மாய் ஒன்றில் தண்ணீர் வற்றிய சமயம் உள்ளே நடந்து போனால், கரையிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்பதைக் காணலாம். அதுதான் குமிழி மடை. தூண்களின் அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் தலையில் நீரோடி என்னும் துளை. அடியில் சேறோடி என்னும் சிறு துளைகள். தொட்டியிலிருந்து கரைக்குக் கீழே ஒரு சுருங்கை வயல்பக்கம் போகிறது. மடை திறக்கிறவர் நீந்திப் போய், மூச்சடக்கி முங்கி, அடைகல்லைத் தூக்குவார். மேல்துளை வழியே நீர் வேகமாக இறங்கும்போது, அந்த இழுப்பில் அடித்துளைகள் வழியே வண்டலும் கிளம்பிப் போய்விடும். வயலுக்கு நீரும் உரமும் சேர்ந்து போகின்றன; கண்மாயும் மேடாவதில்லை. ஆளை வைத்துத் தூர்வாராமலே தூர் குறையும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்க வேண்டிய பெயர்.

மழையையும் கண்மாயையும் மட்டும் நம்பியிருந்த இந்த நாட்டுக்கு 1895இல் புதிய தண்ணீர் வந்தது. பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை மேற்கே போன ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பியது. பேரணையில் பிரியும் பெரியாறு பிரதான கால்வாய் வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கமாக வந்து கள்ளந்திரியைத் தொடுகிறது. அந்த ஊர்தான் எல்லை. கள்ளந்திரிவரை 45,041 ஏக்கர் இருபோகம்; அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோகம். வைகை அணையில் போதிய நீர் இருந்தால் செப்டம்பர் நடுவில் ஒருபோகத்துக்குத் திறப்பார்கள்: மொத்தம் 120 நாள், முதல் 45 நாள் நிறுத்தாமல், மிச்சம் 75 நாள் முறை வைத்து. நாற்றங்கால் போடுவதா வேண்டாமா என்று கடைமடை விவசாயி முடிவெடுப்பது அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான். திறப்பு தள்ளிப்போகிற ஆண்டில் மேலூர்ச் சாலையில் மறியல் நடக்கும். கால்வாய் நீர் வயலுக்கு நேராகப் போவதோடு கண்மாய்களையும் நிரப்பிக்கொண்டு போகிறது. ஆகவே பாண்டியர் கண்மாய் இல்லாமல் பென்னிகுக்கின் கால்வாய்க்கும் இங்கே முழுப்பயன் இல்லை.

தமிழ் எழுத்தின் வரலாறு தேடிப் போகிறவர்களுக்கு மேலூர் நாட்டைப்போல இன்னொரு வட்டாரம் கிடைப்பது அரிது. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், யானைமலை என்று கைக்கெட்டும் தூரத்துக்குள் இத்தனை குன்றுகளில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள். மாங்குளத்துக்கு அருகே மீனாட்சிபுரம் மலைமேல் உள்ளவற்றை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டார். அவை எந்த மொழி என்பதே பல ஆண்டு விளங்காமல் இருந்தது. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இந்தக் குகை எழுத்துகள் தமிழே என்று படித்துக் காட்டினார். ஐராவதம் மகாதேவன் இவற்றைப் பொது ஆண்டுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டு என்று வைக்கிறார். சங்கப் பாட்டில் மட்டுமே கேட்ட நெடுஞ்செழியன் என்ற பெயர் இங்கே பாறையில் இருக்கிறது. கணிநந்தன் என்ற சமணத் துறவிக்கு அரசனின் அலுவலரும் உறவினரும் செய்து கொடுத்த உறைவிடம் அது. வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகக் குழுவும் கொடையாளர் வரிசையில் உண்டு. வெள்ளறை என்பது பக்கத்தில் இன்றும் இருக்கும் வெள்ளரிப்பட்டியே என்பது மகாதேவனின் முடிவு.

அந்த மலைமேல் ஏறிப் பார்த்தால்தான் உறைவிடம் அமைத்த வேலையின் நுட்பம் பிடிபடும். குகையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் அந்தக் காடியில் தட்டிக் கீழே சொட்டிவிடும், உள்ளே வராது. தரையில் வரிசையாகப் படுக்கைகள். தலைமாட்டில் கல்லிலேயே சற்று உயர்த்திய தலையணை. கீழவளவுப் பஞ்சபாண்டவர் மலையிலும் இதே ஏற்பாடுதான். அங்குள்ள கல்வெட்டில் எழுத்துகள் சில இடவலம் மாறியும் தலைகீழாகவும் நிற்கின்றன. அந்தச் சமணப் பள்ளியைக் கொடுத்தவர் தொண்டிக்காரர். கிழக்குக் கடற்கரைத் துறைமுகத்து ஆள் இங்கே வந்து துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார் என்றால், இந்தக் குன்றுகள் வணிகப் பெருவழியை ஒட்டி இருந்தன என்று கொள்வதே பொருத்தம்.

ஆயிரம் ஆண்டு கழித்து அதே குன்றுகளுக்குச் சமணம் மறுபடி வந்தது. அச்சணந்தி என்ற துறவியின் பெயர் பாண்டிய நாட்டு மலைகள் பலவற்றில் உண்டு. அரிட்டாபட்டிக் கழிஞ்சமலையில் தீர்த்தங்கரர் சிற்பமும் வட்டெழுத்தும் இருக்கின்றன. அதே ஊரில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிதாகக் காணக்கிடைக்கும் இலகுலீசர் சிற்பம் அந்தக் கோயிலில் உண்டு.

யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரைக்குப் பின்னால் அண்ணன் தம்பி இருவர் இருக்கிறார்கள். பராந்தகன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி 770இல் மலையைக் குடைந்தான். வேலை முடியுமுன் இறந்துவிட்டான். அதே பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர் தெளித்தான். பாறையில் கிரந்தத்திலும் வட்டெழுத்திலும் இந்தச் செய்தி பொறித்திருக்கிறது. பாண்டியர் காலத்தில் ஆண்டு துல்லியமாகத் தெரிகிற கோயில்களில் இது முக்கியமானது. தேதி தேடும் ஆய்வாளர்கள் பலமுறை திரும்பி வந்த இடம்.

அழகர்கோவிலைப் பற்றிச் சொல்ல இந்த உரை போதாது. சிலப்பதிகாரம் சொல்லும் திருமால் குன்றம் அதுவே. நூபுர கங்கைச் சுனை நீர் இல்லாமல் பெருமாளுக்குத் திருமஞ்சனம் கிடையாது. பதினெட்டாம்படிக் கருப்பர் சன்னதியில் சந்தனம் பூசிய கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்யச் சுற்றுவட்டாரம் அஞ்சும். கோர்ட்டுக்குப் போகாமலே வழக்குத் தீர்ந்த குடும்பங்கள் ஏராளம். சித்திரையில் கள்ளழகர் கள்ளர் கோலத்தில் பல்லக்கேறி, கள்ளந்திரி, மூன்றுமாவடி வழியாக மண்டகப்படிகளில் நின்று நின்று வைகைக்குப் போகிறார். நகரத்தின் பெருவிழாவுக்குச் சாமி நாட்டுப்புறத்திலிருந்தே வர வேண்டியிருக்கிறது.

பல ஊர்கள் சேர்ந்த நாடு என்ற அமைப்பு இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது; ஊர்த்தலைவர்களான அம்பலக்காரர்கள் கூடித்தான் திருவிழா முடிவாகும். வெளியார் படைக்கு எளிதில் பணியாத நாடு இது. 1755இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் படை, திருமோகூர் என்று அடையாளம் காணப்படும் கோவில்குடியில் சாமி சிலைகளை அள்ளிக்கொண்டு போனபோது, நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் தாக்கிச் சிலைகளை மீட்டார்கள். 1767இல் கேப்டன் ரம்லியின் படை வெள்ளலூரைத் தீக்கிரையாக்கி ஊர் மக்களைக் கொன்றதை நெல்சன் தம் மதுரை மானுவலில் எழுதியிருக்கிறார்.

வீரத்தைச் சொல்லி இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது: தனித்தொகுதியாக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன், 1997 ஜூன் 30 அன்று, தலித் என்பதற்காகவும் பதவியில் அமர்ந்ததற்காகவும் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு ஐந்து பேர். மேலூர் நாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மேலவளவு நினைவிடத்துக்கும் போய் வர வேண்டும்.

கல்லுக்கு விலை வந்தபோதுதான் மலைகளுக்குக் கேடு வந்தது. கீழவளவு, கீழையூர், திருவாதவூர்ச் சுற்றுவட்டாரத்துக் கிரானைட் வெளிநாட்டுக்குப் போனது. 2012இல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு எழுதிய அறிக்கையில் இழப்பு 16,338 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். 2014இல் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக அமர்த்தி விசாரிக்கச் சொன்னது. பணம் போனதைவிடப் பெரிய சேதம் வரத்துக்கால்களுக்கு நேர்ந்தது. வெட்டிய கழிவுக் கற்களைக் கால்வாயிலும் கண்மாயிலும் கொட்டினார்கள். மலை இருந்த இடத்தில் ஆழ்குழி. குழியில் பச்சைத் தண்ணீர். அந்தத் தண்ணீர் எந்த மடைக்கும் பாயாது.

இந்த அனுபவம் மனத்தில் இருந்ததால்தான் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் ஊர்கள் உடனே எழுந்தன. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு உட்பட 250 வகைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு வாழும் இடம். இரண்டே ஆண்டில், 2024 நவம்பர் 7 அன்று, இதையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் போட்டது. 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் பேரணியாகப் போனார்கள். சாதிக்கொரு தெரு என்றிருக்கும் ஊர்களின் பெண்கள் ஒன்றாக நடந்தது அன்றைக்கு எல்லாரும் பார்த்த காட்சி. சனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

அந்தப் பெண்களை அப்படித் தெருவுக்கு இழுத்த பற்று எது என்று புரிய, கோடையில் இங்கே ஒரு மீன்பிடித் திருவிழாவுக்கு வர வேண்டும். அறுவடை முடிந்து, கண்மாயில் முழங்கால் அளவு நீர் நிற்கும் நேரம். விடியற்காலையிலேயே ஊத்தா, கச்சா, வலை, பரி என்று கையில் கிடைத்ததோடு பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் கரையில் திரண்டு நிற்பார்கள். யாரும் இறங்கமாட்டார்கள். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீச வேண்டும். துண்டு ஆடிய நொடியில் மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள். சற்று நேரத்தில் நீர் சேறாகி, கெண்டையும் கெளுத்தியும் விராலும் மேலே துள்ளும். பிடித்த மீனை விற்பதில்லை. அன்று எல்லா வீட்டு அடுப்பிலும் மீன்குழம்புதான். வருகிற ஆண்டும் மழை பெய்து கண்மாய் நிறைய வேண்டும் என்பதே அன்றைய வேண்டுதல்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் இந்தப் பாறைமேல் கால் வைக்க முடியாது. காலை ஆறு மணிக்கு மாங்குளம் மலையில் ஏறினால், வெயில் ஏறுமுன் அரிட்டாபட்டிக் குடைவரைக்கும் வந்துவிடலாம். மாலையில் மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர். கபிலர் பிறந்ததும் அங்கேதான் என்பது வழிவழி வழக்கு. கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு தடவிப் படமெடுப்பதும் பாறையில் பெயர் கீறுவதும் கூடவே கூடாது. இரண்டாயிரம் ஆண்டு மழைக்குத் தப்பிய எழுத்து அது.

டங்ஸ்டன் ரத்தானது பெரிய வெற்றி. ஆனால் பாதுகாப்பு அந்த 193 ஹெக்டேரோடு நிற்கிறது. அழகர்மலைக்கு அந்தப் பக்கம், திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டியில், 4.97 ஹெக்டேரே உள்ள வீரகோயில் காட்டை 2025 மார்ச்சில் இரண்டாவது பாரம்பரியத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். ஐந்து ஹெக்டேர் காட்டுக்குச் செய்ததை மேலூர் நாட்டின் மற்றக் குன்றுகளுக்கும் செய்ய முடியும். வருவாய்ப் பதிவேட்டில் கண்மாய் ஒரு புல எண், அதற்கு நீர் தரும் பாறை இன்னொரு புல எண், வரத்துக்கால் மூன்றாவது என்று பிரிந்து கிடப்பதுதான் குவாரிக் குத்தகைக்காரர்களுக்கு வசதியாகப் போனது. ஒவ்வொரு கண்மாயோடும் அதன் மலைச்சரிவையும் வரத்துக்காலையும் சேர்த்து அளந்து, ஒரே வரைபடமாக்கி, அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்ட வேண்டும். கீழவளவில் தொடங்கலாம். கற்குவியலுக்கு அடியில் மூடிக் கிடக்கும் வரத்துக்கால் எந்தெந்த இடத்தில் ஓடியது என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய பெரியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.