சுருதி தவறாச் சுழல்மேடை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இம்மேடையில் இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் அறிஞர் பலர் பேசியுள்ளனர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஓர் இயந்திரம். ஆயினும் அது இசைக்கு உறவானதே. நம் குடியிருப்பில் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இசைத்தட்டுகள் உறங்குகின்றன. ஊரை விட்டு வந்த நம் பெற்றோர்க்குக் கோயில் திருவிழாவும் சபைக் கச்சேரியும் அத்தட்டுகளே. அவற்றை மீண்டும் ஒலிக்கச் செய்ய விரும்புவோர், கையிலுள்ள சிறு தொகையை எதற்கு முதலில் செலவிட வேண்டும்? இதுவே என் பேச்சு.

முதலில் என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். தந்தையார் மறைந்த பின், பழம்பொருள் அங்காடியில் ஒரு கருவி வாங்கினேன். பளபளப்பைப் பார்த்தேனே அன்றி, முள்ளைப் பார்த்தேனில்லை. அவர் உயிரெனப் போற்றிய நாகசுரத் தட்டை ஒரு மாதம் இடைவிடாது கேட்டேன். தேய்ந்த முள் உளிபோலாகித் தட்டின் வரிகளைச் சுரண்டிவிட்டது. பின்னர் முள்ளை மாற்றினேன், இரைச்சல் மாறவில்லை. கருவி கெட்டால் வேறு வாங்கலாம்; அந்தத் தட்டுக்கு நான் எங்கே போவேன்?

இனிக் கருவிக்கு வருவோம். பழைய சுழல்மேடைகளில் மோட்டார் வேகமாகச் சுழலும். ரப்பர்ப் பட்டையோ ரப்பர்ச் சக்கரமோ அவ்வேகத்தைக் குறைத்துத் தட்டுக்கு வழங்கும். ரப்பர் நாளடைவில் தளரும், இறுகும். ‘டைரக்ட் டிரைவ்’ என்னும் நேரடி முறையில் இடைத்தரகர் இல்லை. மோட்டாரின் அச்சே தட்டின் அச்சு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேண்டுமெனில் மோட்டாரே அவ்வளவு மெதுவாகச் சுழலும். ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் டெக்னிக்ஸ் என்னும் பெயரில் எஸ்.பி.10 என்ற இத்தகைய மேடையை 1970-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1972-இல் எஸ்.எல்.1200 பிறந்தது. பின்வந்த பல மேடைகளில் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வே வேகத்துக்கு அளவுகோலாயிற்று.

எஸ்.எல்.1200-ஐ நடன அரங்கினர் பெரிதும் விரும்பியதால் அதன் விலை ஏறிவிட்டது. அங்கே உழைத்துக் களைத்தவையும் சந்தைக்கு வருகின்றன. ஆதலால், சிக்கனம் கருதுவோர் அதன் எளிய உடன்பிறப்புகளான எஸ்.எல்.டி2, எஸ்.எல்.கியூ2 போன்றவற்றைத் தேடலாம். வீட்டில் அமைதியாக இருந்த கருவி, பெயர் சிறியதாயினும் மேலானது.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை மூன்று. முதலாவது வேகம். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். 3 நிமிடத்தில் 100 சுற்று வரவேண்டும். வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு பிசகினால் சுருதி அரை ஸ்வரம் விலகிவிடும். பின்னர்த் தம்புரா தெளிவாகக் கேட்கும் தட்டைப் போடுங்கள். சுருதி நெளிந்தால் நம் செவியே காட்டிக் கொடுக்கும். ஆயினும் ஒரே தட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தட்டின் துளை நடுவிலிருந்து விலகியிருந்தாலும் ஒலி நெளியும். இரண்டாவது, முள்ளைத் தாங்கும் கை. அதைத் தராசுபோல் சமனாக மிதக்கவிட்டு மெல்ல ஊதுங்கள். தடையின்றி அசைய வேண்டும். எங்கேனும் சிக்கினால் விட்டுவிடுங்கள். மூன்றாவது மின்சாரம். ஜப்பானிய உள்நாட்டுக் கருவிகள் 100 வோல்ட்டுக்கு உரியவை. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

வாங்கியபின் மேம்படுத்துவதற்கு ஒரு முறை உண்டு. கைத்தொகையைப் பத்துப் பங்காக்குங்கள். ஆறு பங்கு மேடைக்கு. இரண்டு பங்கு முள்ளுக்கு. ஒரு பங்கு மெல்லிய ஒலியைப் பெருக்கும் ‘போனோ’ பகுதிக்கு. எஞ்சிய ஒரு பங்கு பழுது பார்ப்பதற்கு. உங்கள் ஆம்ப்ளிபயரிலேயே ‘போனோ’ வாய் இருந்தால் அப்பங்கும் மிச்சம். நாற்பது ஐம்பது ஆண்டு கடந்த கருவியில் கபாசிட்டர்கள் வற்றியிருக்கக்கூடும். கைதேர்ந்த ரேடியோ மெக்கானிக் குறைந்த செலவில் மாற்றித் தருவார். ஆனால் மோட்டாரை ஆளும் பழைய ஐ.சி. சில்லு கெட்டால் மாற்றுக் கிடைப்பது அரிது. ஆகவே மாற்ற இயலாததை வாங்கும்போதே நல்லதாக வாங்குங்கள். மாற்றக்கூடியதைப் படிப்படியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முள்ளுக்கும் இதுவே நெறி. ஆடியோ-டெக்னிக்கா நிறுவனத்தின் வி.எம்.95 வரிசையில் உடற்பகுதி ஒன்றே. முனை மட்டும் பலவகை. இன்று எளிய முனையோடு தொடங்கி, கைவசம் பணம் வரும்போது உயர்ந்த முனையைச் செருகலாம். ஏறக்குறைய 2 கிராம் அழுத்தம் அதற்குப் போதும். முள் நோகுமே என்று அழுத்தத்தை மிகவும் குறைப்பதும் தவறு. முள் துள்ளித் துள்ளி வரிகளைக் காயப்படுத்தும்.

பாட்டனார் காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகள் வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. நேரடி மேடைகளுள் பெரும்பாலானவை 33⅓, 45 ஆகிய வேகங்களை மட்டுமே அறிந்தவை. 78-உம் உடையதைக் கேட்டு வாங்குங்கள். முள்ளும் வேறு வேண்டும். அத்தட்டுகளின் வரி அகலமானது. சிறுமுள் அதன் அடியில் கிடந்து தடுமாறும்.

அன்பர்களே! என் தந்தையாரின் அந்தத் தட்டு இன்றும் என் அலமாரியில் உள்ளது. ஆண்டுக்கொரு முறை, அவர் நினைவு நாளில், நல்ல முள்ளில் அதைக் கேட்கிறேன். இரைச்சலுக்கு அப்பால் நாகசுரம் கேட்கிறது. இரைச்சலில் என் அவசரமும் கேட்கிறது. உங்கள் பரணிலுள்ள தட்டுகளுக்கு அந்நிலை நேராதிருக்கட்டும். புதிய முள்ளை வாங்கிய பின்னரே முதல் தட்டை எடுங்கள் என்று வேண்டுகிறேன்.