அடுத்த களத்திலும் ஆடுவாரா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்கக் காற்பந்து. நம் பிள்ளைகள் தோட்டத் திடலில் உதைத்தாடும் ஆட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், எதிரியின் எல்லையை நோக்கி அடி அடியாக நிலம் பிடிக்கும் ஆட்டம் அது. பக்கத்துக்கு 11 பேர். பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. அநேகமாக ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேருவது குவாட்டர்பேக் என்னும் ஆட்டக்காரரின் கைக்குத்தான்.

அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. மலை போன்ற எதிரிகள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அதற்குள் தம் ஆட்களில் யார் எங்கே ஓடுகிறார், யாரை எதிரி மறித்திருக்கிறார் என்று கண்டு, பந்தை எறிந்தாக வேண்டும். குழுவின் வெற்றி பெரும்பாலும் இவரைச் சார்ந்தது. ஆகவே, பல்கலைக்கழகக் குழுக்களில் ஆடும் இளைஞர்களில் யார் தொழில்முறை ஆட்டத்திலும் தேறுவார் என்று கண்டுபிடிக்கப் பெரும் பணம் செலவிடுகிறார்கள்.

ஆண்டுக்கொரு முறை நடைபெறும் தேர்வில் குழுக்கள் வரிசைப்படி ஆட்களை எடுக்கின்றன. முந்திய ஆண்டில் மிக மோசமாகத் தோற்ற குழுவுக்கே முதல் உரிமை. இன்று குழுக்கள் 32, சுற்றுகள் 7. தேர்வுக்கு முன்னர் இளைஞர்களை நிறுத்தி உயரம், எடை, உள்ளங்கையின் அகலம் எல்லாம் அளக்கிறார்கள். 40 கெஜம் ஓடவிட்டு நேரம் குறிக்கிறார்கள். 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட அறிவுச் சோதனைகூட நெடுங்காலம் இருந்து, 2022இல் கைவிடப்பட்டது.

இவ்வளவு அளந்தும் கணக்குத் தப்புகிறதே, ஏன்?

டாம் பிரேடி என்பவரைப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 40 கெஜம் ஓட 5.28 விநாடி எடுத்தார். அந்த ஆட்டத்துக்கு அது ஆமை நடை. 2000ஆம் ஆண்டுத் தேர்வில் ஆறு குவாட்டர்பேக்குகள் போன பிறகு, 199ஆவது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். 2023இல் அவர் ஓய்வு பெற்றபோது, சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியில் ஏழு முறை வென்றிருந்தார். வேறெந்த ஆட்டக்காரரும் அத்தனை முறை வென்றதில்லை. கால் வேகத்தை அளந்தவர்களுக்குக் கண்ணும் மனமும் முடிவெடுக்கும் வேகத்தை அளக்கக் கருவி இல்லை. மதிப்பெண் போடும் தொழிலில் இருக்கும் எங்களைப் போன்றோருக்கு இது நன்றாகவே விளங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பல்கலைக்கழகக் களத்தில் வலுவான குழுவில் ஆடுபவருக்கு முன்னால் நல்ல காவல் இருக்கும். பந்து பிடிப்பவரும் தனியே நிற்பார். தொழில்முறைக் களத்தில் அந்த இடைவெளி ஓர் அடிகூட இராது. எனவே ஒருவர் எத்தனை ஆட்டம் வென்றார் என்பதைவிட, காவல் உடைந்து எதிரி நெருங்கியபோது என்ன செய்தார் என்றே பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

1998ஆம் ஆண்டுக் கதை இதைவிடப் பெரியது. பெய்டன் மேனிங், ரயன் லீஃப் என்று இரு இளைஞர்கள். யார் முதலில் என்று அறிந்தவர்களே வாதாடினார்கள். முடிவில் இன்டியானாபொலிஸ் குழு மேனிங்கை முதலாவதாக எடுத்தது. சான் டியேகோ குழு லீஃபை இரண்டாவதாக எடுத்தது. முதலாண்டில் இருவருமே தடுமாறினர். மேனிங் எறிந்த பந்துகளில் 28ஐ எதிரிகள் பறித்துக்கொண்டார்கள். அவருடைய குழு 16 ஆட்டங்களில் 13இல் தோற்றது. லீஃபிடம் 15 பந்துகள் பறிபோயின. அந்த ஓராண்டை மட்டும் பார்த்தவர் இருவரையுமே தள்ளியிருப்பார்.

ஆனால் மேனிங்கை மாற்றாமல் தொடர்ந்து ஆடவிட்டார்கள். அவரும் ஆட்டப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பாடம் படித்தார். மறு ஆண்டே அதே குழு 13 ஆட்டங்களில் வென்றது. லீஃபோ செய்தியாளரிடம் கூச்சலிட்டார், காயமும் பட்டார், நான்கைந்து ஆண்டுகளில் களத்தைவிட்டே போனார். பின்னர் வலி மாத்திரைக்கு அடிமையாகிச் சிறை சென்றார். 2014இல் வெளிவந்த பின், தம்மைப் போல் விழுந்தவர்களுக்கு உதவும் பணியில் இறங்கினார். 22 வயதுப் பிள்ளையின் தோளில் ஓர் ஊரின் நம்பிக்கையையே ஏற்றிவைப்பது எளிய காரியமா, சொல்லுங்கள்!

சேருமிடமும் பார்க்கத்தக்கது. ஜோ மொன்டானாவை 1979இல் 82ஆவதாக எடுத்த சான் பிரான்சிஸ்கோ குழுவின் பயிற்றுநர் பில் வால்ஷ், குறுகிய தூரம் குறி தவறாமல் எறியும் ஆட்டமுறையை வகுத்தவர். மொன்டானாவின் கைக்கு அது பொருந்திற்று. நான்கு சூப்பர் பவுல் கிடைத்தன.

அதே குழு 2021இல் எதிர்கால முதற்சுற்று உரிமைகளையும் விட்டுக்கொடுத்து, ட்ரே லேன்ஸ் என்பவரை மூன்றாவதாக எடுத்தது. நல்ல உடற்கட்டு, வலுவான கை. ஆனால் பல்கலைக்கழகத்தில் முழுமையாக ஆடியது ஒரே பருவம். மறு ஆண்டு, 262 பேரில் கடைசி ஆளாக ப்ராக் பர்டியை எடுத்தது. இவர் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு பருவம் ஆடியவர். 2022இல் முன்னிருந்தவர்கள் காயம்பட்டதால் பர்டிக்கு இடம் கிடைத்தது. 2023இல் லேன்ஸை வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பந்தெறிந்தவர் பர்டிதான். கூடுதல் நேரம்வரை போராடித் தோற்றார்கள்.