வைக்கோலுக்கு வந்த மவுசு
(ஒக்கலிபுரம் கூட்டத்தில் பேசியது)



அரியானா பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் போட்டுக் கட்டிய ஆலை 2022 ஆகஸ்ட் 10இல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 இலட்சம் டன் நெல் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். சரக்கு ரசீது எழுதிப் பழகிய நாம் கணக்குப் போட்டோம்: டன்னுக்கு 150 லிட்டர். வைக்கோலை வேகவைத்துச் சர்க்கரையாக்கி, புளிக்கவைத்து வடிக்கிறார்கள். சாராயம் காய்ச்சுவது போலத்தான். ஆனால் குடிக்க அல்ல, பெட்ரோலில் கலக்க.

அங்கே வயலிலேயே கொளுத்திய வைக்கோல் அது. நல்ல காரியம்தான். தருமபுரி, வேலூர்ப் பக்கம் நம் வீடுகளில் அது மாட்டுத் தீனியல்லவா? அந்தப் பாலை விற்றுத்தானே ஊரில் அடுப்பெரிகிறது?

நாளை நம் பக்கமும் ஆலை வரலாம், வரட்டும். தீனி போக மிச்சம் எவ்வளவு, டன்னுக்கு என்ன விலை, கட்டுச் சுமப்பவருக்கு என்ன கூலி? கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் இதைப் பேசிவிட்டு வாருங்கள்.