பிள்ளைத்தமிழும் பிள்ளைகளின் தமிழும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளைத்தமிழ் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். அவ்விலக்கிய வகையின் தோற்றமும் வளர்ச்சியும் குறித்து ஆய்வேடுகள் பல உள. அவற்றை ஈண்டு மீண்டும் ஒப்புவிக்கப் போவதில்லை. பிள்ளையோடு பெற்றோர் ஆடவேண்டிய ஆடல்களின் வரிசையாக அதனைப் படித்துக் காட்டவே விழைகிறேன்.

பருவங்கள் பத்து என்பதை யாவரும் அறிவோம். கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டித் தலை நிமிர்ந்து குழந்தை அசைவது செங்கீரை. கைகொட்டுவது சப்பாணி. அடியெடுத்து வைக்கும் பிள்ளையை இரு கைகளையும் நீட்டி அழைப்பது வருகை. அம்புலியோ முழுமையான நாடகம். சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் புலவர் நிலவை விளையாட அழைப்பர். அரசியல் நூல் கூறும் உபாயங்களைச் சோற்றுக் கிண்ணத்தோடு நிற்கும் தாயிடம் கொடுத்த புலவரின் குறும்பை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் வரும் சிறுதேர் மிகப் பழையது. கோழியை விரட்ட எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டிய முக்காற் சிறுதேரின் வழியை மறித்தது எனப் பட்டினப்பாலை பாடுகிறது. அதே மூன்று சக்கரங்களோடுதான் இன்றும் மரநடைவண்டி விற்பனைக்கு வருகிறது.

கடவுளரையும் அரசரையும் குழந்தையாக்கிப் பாடிய புலவர்க்கு இவ்வாடல்கள் எங்கிருந்து கிடைத்தன? வீட்டு முற்றத்திலிருந்தே கிடைத்தன. யசோதையின் நிலையில் நின்று பெரியாழ்வார் பாடியபோது, அவர் செவியில் ஒலித்தது தம் ஊர்த் தாயரின் குரலே என்று நான் கருதுகிறேன். தொட்டிலடியிலிருந்து கவிஞர் கடன் பெற்றனர். அக்கடன் பெரும்பாலும் திரும்பவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்ட அழ. வள்ளியப்பாவும் திருப்பித் தந்தவர்கள். நம் வட்டம் நடத்திய கவியரங்குகளில் குழந்தை தலைப்பாக வந்ததுண்டு, கேட்பவராக வந்ததில்லை.

எழுதப்படாத தமிழில் இதற்கு இலக்கணம் இருக்கிறது. பருப்புக் கடையும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் உள்ளங்கையே சட்டி. தாயின் முழங்கையே மத்து. கடைந்த பருப்பை, ஒவ்வொரு விரலாக மடக்கி, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பாட்டிக்கு எனப் பங்கிடுகிறாள். பின்னர் அவளுடைய இரு விரல்கள் நண்டாகிக் குழந்தையின் கையில் மெல்ல ஊர்ந்து, முழங்கையில் சற்றே நின்று, அக்குளில் பாய்கின்றன! எண்ணும் உறவுமுறையும் தாளமும் எதிர்பார்ப்பும் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகின்றன. நண்டு முழங்கையில் நிற்கும் அந்த ஒரு கணத்தில், அடுத்து வருவதை அறிந்தே குழந்தை மூச்சடக்கிக் காத்திருக்கிறது. யாப்பில் நாம் சீர் என்றும் தளை என்றும் கற்பிப்பதை அது தோலால் கற்கிறது. இதற்குக் காசு வேண்டா, பொம்மையும் வேண்டா. மணற்கரையில் குச்சியை ஒளித்து வைக்கும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளமும், விளக்கொளியில் சுவரில் விரல்களால் மானும் நாயும் காட்டுவதும் இத்தகையனவே.

இனி, படித்துக் காட்டுதல். இங்குத் தமிழர்க்கே உரிய இடர்ப்பாடொன்று உண்டு. நூலில் ‘யானை குளத்தில் இறங்கியது’ என்றிருக்கும். தாயோ, ‘ஆனை கொளத்துல எறங்குச்சாம்’ என்பாள். எது தகும் என்று பெற்றோர் பலர் என்னை வினவியதுண்டு. தமிழாசிரியை ஆதலின் அச்சிட்டபடியே படிக்கச் சொல்வேன் என எதிர்பார்த்தார்கள் போலும். முதலில் வீட்டு மொழியில் சொல்லுங்கள். அடுத்து, எழுத்தின்மேல் விரல் வைத்து உள்ளபடியே படியுங்கள். ‘எறங்குச்சாம்’ என்பதன் ஈற்றில் நிற்கும் ‘ஆம்’ சிறிதே ஆயினும், ‘இது நான் கண்டதன்று, கேட்டது, இது கதை’ என்று பிள்ளைக்கு உணர்த்துவது அதுவே. அதை இழக்கலாகாது. ‘இறங்கியது’ என்னும் ஓசையும் காதில் விழவேண்டும். இல்லையேல், பள்ளி சென்ற முதல் நாளில் தமிழே அயல்மொழியாகத் தோன்றும்.

ஒரே நூலைப் பத்தாம் முறையாகக் கேட்கும் குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர். பதினோராம் முறை ‘பூனை குளத்தில் இறங்கியது’ என வேண்டுமென்றே மாற்றிப் படியுங்கள். அதன் சினத்தையும், பின்வரும் சிரிப்பையும் காணலாம். நூலை அது எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறது என்பதும் புலனாகும்.

1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இன்று வருவதில்லை. எனினும் நூல்களுக்குப் பஞ்சமில்லை. 2023இல் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறுநூல்கள் நுழை, நட, ஓடு, பற எனப் படிநிலை பெற்றுள்ளன. பருவப் பெயர்கள் போலவே ஒலிக்கின்றன அல்லவா? ஆனால் அவை பள்ளிப் பிள்ளைகளுக்கு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மடியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துவிட்டது. ஈராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டா என்றும், நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டலாகாது என்றும், படித்துக் காட்டலும் கதை சொல்லலும் நன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் நெறி வகுத்தது. சோறூட்டும் வேளையில் கைப்பேசியை நாடும் தாயைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. கூட்டுக் குடும்பத்தோடு பாட்டியின் பாட்டும் போயிற்று. அவ்விடத்தில் வைக்க நாம் அவளுக்கு என்ன எழுதிக் கொடுத்தோம்?

எழுதியவர்களும் பெரும்பாலும் அறிவுரையே எழுதினோம். பல் துலக்கு, பொய் சொல்லாதே, பெரியோரை வணங்கு என்று எதுகை மோனையோடு அதட்டினோம். அத்தகைய பாடல்களை மேடையில் ஒப்புவித்துப் பரிசு பெறும் பிள்ளைகள் பலர். விளையாடும்போது தானாகப் பாடும் பிள்ளையை நான் கண்டதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தின் முதற் கால்மணி நேரத்தைப் பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்குவோம். கவிஞர் ஒவ்வொருவரும் எட்டு வரிக்கு மேற்படாத ஆடற்பாடல் ஒன்றை எழுதிக் கொணர்க. அதை அவர் மேடையில் படிக்க வேண்டா. ஒரு தாயோ தந்தையோ தம் பிள்ளையோடு ஆடிப் பார்க்கட்டும். பிள்ளை ‘இன்னொரு தடவை’ என்றால் பாடல் தேறிற்று; எழுந்து ஓடிவிட்டால் திருத்தி எழுதுக. இதில் முனைவர் பட்டம் பெற்ற எங்களுக்கு வாக்கில்லை. தேறியவற்றைச் சிறு நூலாக அச்சிட்டு, ஊரிலுள்ள அங்கன்வாடிகளுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அடுத்த கூட்டத்திற்கு ஐந்து விரல்களை வைத்துப் பாடத்தக்க பாடல் ஒன்றைக் கொணருமாறு வேண்டுகிறேன். விரிப்பதற்குப் பாய்கள் இரண்டை நான் எடுத்து வருகிறேன்.